பார்வையாளர் வரிசை இல்லாத விழா

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியுள்ள பெரியோரே, அனைவருக்கும் வணக்கம்.

மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய வெராக்ரூஸ் மாநிலத்துக் கடலோரத் திருவிழாக்களை இன்றும் வாழவைப்பவர்கள் பார்க்க வரும் பயணிகளா, கூடி நடத்தும் ஊராரா என்பதே இன்றைய தலைப்பு. ஊராரே என்று வழக்காட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் மூன்று சான்றுகளை வைத்தார். த்லாகோதால்பான் என்ற ஆற்றங்கரை ஊரை 1998இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது என்றார். வெராக்ரூஸ் துறைமுக நகரத்தின் கார்னிவல் காலத்தில் விடுதிகள் நிரம்பி வழிகின்றன என்றார். இந்த மாநிலத்து நாட்டுப்பாட்டான ‘லா பாம்பா’வை உலகமே முணுமுணுக்கிறது என்றார். மூன்றும் உண்மை. ஆனால் மூன்றுமே எங்கள் அணிக்குத்தான் சாட்சி சொல்கின்றன.

த்லாகோதால்பானிலிருந்தே தொடங்குகிறேன். பாப்பலோவாபான் ஆற்றின் கரையில், வண்ணச் சுவர்களும் தூண் வரிசை தாங்கிய தாழ்வாரங்களுமாக நிற்கும் அந்தச் சிற்றூரில், ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 2ஆம் நாள் கந்தேலாரியா மாதாவின் சிலையைப் படகில் ஏற்றி ஆற்றில் பவனி கொண்டுபோகிறார்கள். சுற்றிலும் ஊர்க்காரர்களின் படகுகள் சூழ்ந்து வருகின்றன. யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது அந்த ஊரின் தெருவமைப்பும் கட்டடங்களும். அந்தச் சான்றிதழ் சுவருக்குக் கிடைத்தது. சிலையைத் தோளில் சுமப்பது சுவரல்ல, நடுவர் அவர்களே.

அதே விழா நாட்களின் இரவில் நடக்கும் ஃபண்டாங்கோ என்ற ஆடல்பாடல் கூடுகையைச் சற்று அருகில் நின்று பாருங்கள். தரையில் ‘தாரிமா’ எனப்படும் உயரம் குறைந்த மரப்பலகை மேடை ஒன்று கிடக்கும். உள்ளே வெற்றிடம் இருப்பதால் அதன்மேல் குதிகால் பட்டதும் முரசுபோல் அதிரும். ஆடுபவரே அங்கு தாளக்காரர். ஹரானா என்ற சிறு நரம்புக் கருவியை வாசிப்பவர்கள் பலகையைச் சுற்றி நெருக்கியடித்து நிற்பார்கள். ஒருவர் ஓரடி பாட, இன்னொருவர் அந்த இடத்திலேயே கட்டிய அடியால் பதில் சொல்வார். ஆடிக் களைத்த பெண்ணின் இடத்துக்கு ஓரத்தில் காத்திருக்கும் மற்றொருத்தி ஏறிவிடுவாள். அவள் பாட்டியாகவும் இருக்கலாம், பள்ளிச் சிறுமியாகவும் இருக்கலாம். இந்த அமைப்பில் பார்வையாளருக்கென்று தனி வரிசை ஏது? நாற்காலி போட்டு உட்கார்ந்தால் வாசிப்பவர்களின் முதுகுதான் தெரியும்.

இந்த ஆட்டபாட்டத்தை ஒடுக்க முயன்றவர்களும் உண்டு. 1766இல், துறவிகளைக் கேலி செய்யும் ‘சூச்சும்பே’ என்ற பாட்டையும் ஆட்டத்தையும் திருச்சபையின் விசாரணை மன்றம் தடைசெய்தது. மாலுமிகளும் சிப்பாய்களும் கலப்பின மக்களும் எளிய வீடுகளில் ஆடியது அது. தடை ஆணையும் அதற்கான புகார்க் கடிதங்களும் எழுதப்பட்டிராவிட்டால் அப்பாட்டின் வரிகளே நமக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயம். தடைசெய்தவர்களுக்கு அந்த அளவில் நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும்!

இனி ‘லா பாம்பா’வுக்கு வருகிறேன். வெராக்ரூஸ்காரரான மிகேல் அலெமான் 1946இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றபோது அதைப் பரப்புரைப் பாட்டாக்கினார். அந்தக் காலத்தில் திரைப்படமும் இரவு விடுதிகளும் இந்த இசையை வெள்ளை உடை அணிவித்து, வேகம் கூட்டி, மேடையில் ஏற்றின. 1958இல் ரிச்சி வாலன்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் அதை ராக் இசையாக்க, உலகம் ஆடியது. புகழ் உச்சிக்குப் போன அந்தக் காலத்திலேயே, கிராமங்களில் விடிய விடிய நடந்துவந்த ஃபண்டாங்கோ மெலிந்து போயிற்று என்பதை எதிரணி நண்பர் சொல்லாமல் விட்டுவிட்டார். பாட்டு ஊரைவிட்டுப் போய்ப் பெயர் வாங்கியது. ஊரில் பலகை சும்மா கிடந்தது. மீட்டவர்கள் யார்? 1977இல் தொடங்கப்பட்ட ‘மோனோ பிளாங்கோ’ குழுவினரைப் போன்ற இளைஞர்கள். ஆர்காடியோ இடால்கோ என்ற முதிய நாட்டுப்புறக் கவிஞரோடு சேர்ந்து வாசித்து, பழைய நடையைக் கற்று, ஊர் ஊராகச் சென்று சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கைதட்ட வருபவனை நம்பிய காலத்தில் தேய்ந்த கலை, கற்றுக்கொள்ள வந்தவனால் தழைத்தது.

கார்னிவலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1925 முதல் இன்றைய வடிவில் நடந்துவரும் அந்த விழாவால் நகரத்துக்குப் பணம் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் தவக்காலத்துக்கு முன் உண்டு களித்துத் தீர்ப்பதற்கென்றே பிறந்த கொண்டாட்டத்தை 2022இல் கோடைக்கு மாற்றினார்கள். பெருந்தொற்றுக் காலத்து நெருக்கடி ஒரு காரணம் என்பதை ஏற்கிறேன். ஆயினும், நோன்பு முடிந்து மாதங்கள் கழித்து நோன்புக்கு முந்தைய விருந்தை நடத்தியது என்ன கணக்கு? பெரிய அணிவகுப்பாக வளர்ந்துவிட்ட விழாவுக்கு அது ஒரு தேதிச் சிக்கல், அவ்வளவே. கந்தேலாரியாவை அப்படி ஜூன் மாதத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லிப் பாருங்கள், அந்த ஊரில் யார் கேட்பார்கள்?

ஊரார் செய்வதெல்லாம் சரி என்றும் நான் சொல்லவில்லை. பவனிக்கு முந்தைய நாள் காளைகளைப் படகோடு கட்டி ஆற்றைக் கடத்தித் தெருவில் விடும் வழக்கத்தை நான் தாங்கிப் பேச மாட்டேன். அந்த விலங்குகள் படும் பாட்டைக் கண்டித்து மெக்சிகோவிலேயே குரல்கள் எழுந்துள்ளன.

டிசம்பருக்கு வாருங்கள். கிறிஸ்துமசுக்கு முந்தைய இரவுகளில் வெராக்ரூஸ் சிறுவர்கள் ஒரு மரக்கிளையைக் காகிதச் சங்கிலியாலும் சிறு விளக்குகளாலும் அலங்கரித்து, வீடு வீடாகப் பாடிச் சில்லறை கேட்கிறார்கள். ‘ராமா’ என்றால் கிளை. அதுவே விழாவின் பெயர். கொடுக்காத வீட்டுக்குக் குத்தலாக ஒரு பாட்டும் கையிருப்பில் உண்டு. இதற்கு எந்த விடுதியில் முன்பதிவு செய்ய முடியும்?

நிறைவாக, எதிரணித் தலைவருக்கு ஒரு கேள்வி. ஜனவரி 6ஆம் நாள் மெக்சிகோ முழுவதும் வளைய ரொட்டி ஒன்றை வெட்டிப் பகிர்கிறார்கள். உள்ளே சிறு குழந்தைப் பொம்மை ஒளிந்திருக்கும். அது யார் துண்டில் அகப்படுகிறதோ, அவர் பிப்ரவரி 2இல் எல்லோருக்கும் தமால் செய்துபோட வேண்டும். மக்காச்சோள மாவில் செய்து, இந்தக் கடலோரத்தில் பெரும்பாலும் வாழையிலையில் மடித்து வேகவைக்கும் பண்டம் அது. பொம்மை கிடைத்தவர் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடப் பார்த்ததாக நகைச்சுவையாகச் சொல்வதும் உண்டு. அந்தத் தமால் செலவைச் சுற்றுலாத் துறையின் எந்தக் கணக்கில் எழுதுவது என்று தலைவர் எழுந்து விளக்கட்டும். நன்றி, வணக்கம்.