சீனி தனியே இருக்கட்டும்

(சிங்கப்பூரில் சமூக மன்றம் ஒன்றில் ஞாயிறு மாலை ஆற்றிய உரை. பேசியதைப் பெரும்பாலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.)

அவைத் தலைவர் அவர்களே, மதிப்பிற்குரிய அடித்தள அமைப்புகளின் ஆலோசகர் அவர்களே, இந்திய நற்பணிச் செயற்குழுவின் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த தமிழாசிரியர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, கடைசி வரிசையில் தேத்தண்ணிக் கலனுக்குப் பக்கத்திலேயே இடம்பிடித்துவிட்ட சாமர்த்தியசாலிகளே, அனைவருக்கும் வணக்கம்.

ஆலோசகர் அவர்களுக்கு இது இன்றைக்கு மூன்றாவது நிகழ்ச்சி. முதல் இரண்டிலும் கேசரி கொடுத்தார்களாம். மேடை ஏறும்போது என் காதில் சொன்னார். அதை ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டதற்கு அவர் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம், பொருளாளர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. போன வாரம் நான் கேட்ட ஒரு சின்னச் செலவுக்கு முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போட்டார். என்ன செலவு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு சுவையும் பசியும். நாக்கு, குடல், மூளை, மரபணு என்று நான்கு பகுதியாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். செயலாளர் இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். ஆளுக்கு ஐந்து நிமிடம். பார்ப்போம்.

"பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது" என்று என் பாட்டி சொல்வார். என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும், எந்த மேடையில் ஏறினாலும் இந்தப் பழமொழியைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை. இன்றைக்குத்தான் அதற்குப் பொருத்தமான தலைப்பே கிடைத்திருக்கிறது.

முதலில் நாக்கு. நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்தவன். நாக்குப் படம் வரைந்து, நுனியில் இனிப்பு, ஓரங்களில் உப்பும் புளிப்பும், அடிநாக்கில் கசப்பு என்று அம்புக்குறி போட்டுக் காட்டுவேன். மாணவர்களும் அதை வரைந்து மதிப்பெண் வாங்கினார்கள். அத்தனையும் தவறு! 1901இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர், நாக்கின் பகுதிகளுக்கிடையே உணர்திறனில் சிறிய வேறுபாடு இருக்கிறது என்றுதான் எழுதினார். 1942இல் ஹார்வர்டு உளவியலாளர் எட்வின் போரிங் அதைத் தன் புத்தகத்தில் வரைபடமாகப் போட்டார். பின்னால் வந்தவர்கள் அந்தக் கோட்டை நாட்டு எல்லை மாதிரி எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் சுவை மொட்டு இருக்கும் எந்த இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும். ஒரு பையன் வகுப்பிலேயே எழுந்து, "சார், எனக்கு ஓரத்திலயும் இனிக்குதே" என்றான். அவனை உட்காரச் சொன்னேன். அவன் இன்று எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

நம் அறுசுவையில் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு நான்கையும் இன்றைய அறிவியல் ஏற்றுக்கொள்கிறது. கார்ப்பைச் சுவையாகச் சேர்ப்பதில்லை. மிளகாய் போய்த் தட்டுவது சூட்டையும் வலியையும் உணரும் கதவை. 1997இல் அந்தக் கதவை அடையாளம் காட்டிய டேவிட் ஜூலியசுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. துவர்ப்பு இன்னொரு கதை. வாழைப்பூவின் துவர்ப்புப் பொருள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்து இறுக்குவதால் வாய் வறண்டு சொரசொரப்பாகிறது. அது தொடு உணர்வோடு சேர்ந்தது. ஐந்தாவது சுவைக்கு ஜப்பானியர்தான் பெயர் வைத்தார்கள். 1908இல் தோக்கியோவில் கிக்குனே இகெடா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்த நம் பாட்டிமாருக்கு அது முன்பே தெரியும். பெயர் வைக்கத்தான் நேரமில்லை.

இனிப்பை உணர நாக்கில் முதன்மையாக இருப்பது ஒரே ஒரு பூட்டு, இனிப்புப் பொருள் சாவி மாதிரி வந்து பொருந்தும் இடம். டி1ஆர்2, டி1ஆர்3 என்ற இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்த பூட்டு. கசப்புக்கோ ஏறக்குறைய 25 வகைப் பூட்டுகள். காட்டில் விஷம் பல உருவில் வரும், காவல்காரர்களும் அதிகம் வேண்டும். அந்த இனிப்புப் பூட்டை ஒரு முறை நான் அடைத்துப் பார்த்தேன். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், இனிப்பு என்றால் உயிரை விடுவார். சீனி வியாதி இருக்கிறது, பலதுறை மருந்தகத்தில் திட்டும் வாங்குவார், தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால் எல்லாம் மறந்துவிடும். ஒரு தீபாவளிக்கு முதல் நாள் லிட்டில் இந்தியாப் பக்கம் தேக்காவில் நாட்டு மருந்துக் கடையில் சிறுகுறிஞ்சான் பொடி கொஞ்சம் வாங்கிவந்தேன். சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வார்கள். அந்த இலையில் இருக்கும் ஜிம்னீமிக் அமிலம் இனிப்புப் பூட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். அது விலகும்வரை நாக்குக்கு இனிப்புத் தெரியாது, மற்றச் சுவையெல்லாம் தெரியும்.

மறுநாள் காலை மச்சான் வந்தார். புதுச்சட்டை, வாசனைத் தைலம், கையில் ஆரஞ்சுப் பை. உட்காரும்போதே அதிரசத் தட்டு எங்கே என்று கண் தேடுகிறது. "மச்சான், முதலில் இதை வாயில் போட்டு நல்லாக் குதப்புங்கள், செரிமானத்துக்கு நல்லது" என்று ஒரு சிட்டிகை கொடுத்தேன். "என்ன மாப்பிள்ளை, பாவக்காயை அரைச்சுக் குடுத்திட்டீங்களா?" என்று முகத்தை ஒரு பக்கமாகக் கோணினார். சரியாக அந்த நேரம் என் மனைவி தட்டோடு வந்தாள். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து பாகு பதம் பார்த்துச் சுட்டது.

மச்சான் ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்றார். நிறுத்தினார். அதிரசத்தைத் திருப்பிப் பார்த்தார், அடியில் ஏதோ எழுதியிருக்கும் என்பது போல. இன்னொரு கடி. பிறகு ஜாங்கிரி. அதையும் வைத்துவிட்டு, மிகவும் மரியாதையாக, "தங்கச்சி, இந்த வருசம் சீனி போட மறந்திட்டியா, இல்லை எனக்காகவே தனியாச் செஞ்சியா?" என்றார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சன்னலைப் பார்த்தேன். அவள் ஒரு துண்டு பிய்த்துத் தின்றுவிட்டு, "அண்ணே, தேனா இனிக்குதே!" என்றாள். மச்சான் சந்தேகத்தோடு ஒரு கரண்டி சீனியை எடுத்து அப்படியே வாயில் போட்டார். "மணலு தங்கச்சி, மணலு!" என்று கத்தியதில் எதிர்வீட்டு சீனப் பாட்டி கதவைத் திறந்து பார்த்தார்.

கவனியுங்கள், முப்பது ஆண்டில் முதல் தடவையாக மச்சான் பாதி அதிரசத்தோடு நிறுத்தினார். ஒரு மணி நேரம் கழித்து நாக்குத் திரும்பியது. அப்புறம் நடந்ததைச் சொன்னால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவர் எழுந்து போய்விடுவார். என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சீனிக்கு மாத்திரை எடுப்பவர்கள் இந்தப் பொடியை மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். இரத்தச் சீனியை மேலும் இறக்கிவிடக்கூடும். நான் செய்தது தப்பு.

ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. பசி ருசி அறியாது, சரி. ருசிக்குப் பசி தெரியுமா? காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்த மச்சானுக்குப் பசியே இல்லை. அவரைச் சாப்பிட வைத்தது நாக்கு மட்டும்தான்.

இரண்டாவது குடல். நாக்கில் உள்ள அதே இனிப்புப் பூட்டு குடல் சுவரிலும் இருப்பதை இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கண்டார்கள். 1964லேயே ஒரு புதிர் இருந்தது. குளுக்கோஸை நரம்பில் ஏற்றினால் வருவதைவிட வாய் வழியாகக் கொடுத்தால் இன்சுலின் அதிகம் சுரக்கிறது. அப்படியென்றால் குடல் யாருக்கோ தகவல் சொல்கிறது. தகவல்காரர்களில் ஒருவர்தான் ஜிஎல்பி-1 என்ற குடல் சுரப்பு. இன்றைக்கு எடை குறைக்கும் ஊசி என்று எல்லாரும் பேசுகிறார்களே, அது இந்தச் சுரப்பின் வேலையைச் செய்வதுதான்.

அதைவிட வேடிக்கை, 2020இல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் எலிகளுக்கு இரண்டு புட்டி வைத்தார்கள். ஒன்றில் சீனித் தண்ணீர், மற்றதில் செயற்கை இனிப்பு. முதலில் இரண்டையும் ஒரே மாதிரி குடித்தன. இரண்டு நாளில் சீனிப் புட்டிக்கே போய்விட்டன. இனிப்பே உணர முடியாத எலிகளும் அப்படித்தான். குடலிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு "இது நிஜச் சீனி" என்று தந்தி அடிக்கிறது. ஆகவே கைப்பையில் இனிப்பு மாத்திரை டப்பா வைத்திருக்கும் சகோதரிகளே, நாக்கை ஏமாற்றலாம், குடலை ஏமாற்றுவது கடினம். எடையைக் குறைக்க அவற்றை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2023இல் சொல்லிவிட்டது.

இப்போது நான் வந்த விஷயத்துக்கு வருகிறேன். (கடைசி வரிசையில் சிரிப்பு.) ஆமாம், அதேதான், நம் விருந்துத் தேத்தண்ணியில் போடும் சீனி.

இந்த நாட்டில் நீரிழிவுக்கு எதிராக 2016இல் போர் அறிவித்தார்கள். 2022 டிசம்பர் 30 முதல் புட்டி, டின் பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரம் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்து வந்தது. 2023 டிசம்பர் 30 முதல் கடையில் கலக்கும் பானங்களுக்கும் வந்தது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் டி. கடைக்காரருக்குச் சட்டம் இருக்கிறது. நம் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் யார் எழுத்து ஒட்டுவது?

போன மாதம் ஒரு திருமண விருந்தில் சமையல்கட்டுப் பக்கம் நின்றேன். இருபது லிட்டர் கலன். தேத்தண்ணி கொதித்து இறங்கியது. ஒரு தம்பி ஒரு கிலோ சீனிப் பொட்டலம் இரண்டைப் பல்லால் கிழித்து அப்படியே கவிழ்த்தார். கணக்குப் போடுங்கள், அதுவே 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம். அதற்கு மேல் கெட்டிப் பால் டின் நான்கு. "எவ்வளவு போடச் சொன்னாங்க தம்பி?" என்றேன். "யாரும் சொல்லலைங்க, எப்பவும் இவ்வளவுதான்" என்றார். எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை, அந்த "எப்பவும்" மேல்தான். காப்பிக்கடையில் பாலும் சீனியும் இல்லாமல் தே ஓ கோசோங் என்றோ, இனிப்பைக் குறைத்து சியூ தாய் என்றோ கேட்டு வாங்கத் தெரிந்த நமக்கு, சொந்த வீட்டு விருந்தில் வாய் வருவதில்லை.

சீனியை ஒழி என்று நான் சொல்லவில்லை. கலனில் போடாதே, தனியே வை என்கிறேன். வேண்டியவர் வேண்டிய அளவு போட்டுக்கொள்ளட்டும். பிலடெல்பியாவில் மோனல் ஆய்வு மையத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், சீனியைக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு மூன்றாவது மாதத்தில் அதே புட்டிங், குறைக்காதவர்களைவிட அதிகம் இனித்தது. ஆனால் இனிப்பின் மேல் இருந்த பிரியம் மாறவில்லை என்றும் அதில் இருக்கிறது. அந்தப் பாதி என் கட்சிக்கு உதவாது, அதனால் வேகமாகத் தாண்டிப் போகிறேன்.

மணி அடித்துவிட்டார்கள். மூளைக்கு நேரமில்லை. மரபணுவில் ஒன்று மட்டும்: பூனைக்கு இனிப்பே தெரியாது, அந்தப் பூட்டைச் செய்யும் மரபணு அதற்குப் பழுது. என் பாட்டி பூனையைப் பார்த்திருந்தால் பழமொழியை மாற்றியிருப்பார். மற்றதை இன்னொரு ஞாயிறு சொல்கிறேன், செயற்குழு கூப்பிட்டால்.

பொருளாளர் கையெழுத்துப் போட்ட செலவு இதுதான்: இரண்டாவது கலன் ஒன்றின் வாடகை. பின்னால் பாருங்கள். சிவப்பு மூடி போட்டது எப்பவும் போல. நீல மூடி போட்டதில் சீனி இல்லை, பக்கத்தில் கிண்ணத்தில் இருக்கிறது. கரண்டி சின்னதாக இருக்கும், அது என் வீட்டுக் கரண்டி. கூட்டம் முடிந்ததும் மறக்காமல் என்னிடம் கொடுத்துவிடுங்கள், மனைவி எண்ணித்தான் அனுப்பியிருக்கிறாள். மச்சான், நீங்கள் முதலில் போங்கள்.