2/5 என்று எழுதிய பிள்ளைக்கு என்ன சொல்வீர்கள்?

அனைவருக்கும் வணக்கம். குறிப்பு எழுதுவதைப் பற்றிப் பேச அப்படி என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணினியில் போடும் பயிற்சிக் கணக்குகளுக்கு, விடை தப்பினால் அவர்கள் திறந்து பார்க்கும் குறிப்புகளை எழுதித் தரச் சொன்னார்கள். ஒரே வாரத்தில் இருநூறு கணக்குக்கு எழுதித் தள்ளிவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் என் அக்கா மகள் அதில் ஒரு கணக்கை என் பக்கத்தில் உட்கார்ந்து போட்டாள். 1/2 + 1/3. மேலே இருந்ததை மேலேயும் கீழே இருந்ததைக் கீழேயும் கூட்டி 2/5 என்று தட்டினாள். தவறு என்று வந்தது. குறிப்பைத் திறந்தாள். 'பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கைக் காண்க.' நான் எழுதியதுதான். படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "அது எதுக்கு மாமா?" என்றாள்.

நியாயமான கேள்வி. தான் செய்தது ஏன் தப்பு என்றே அவளுக்குத் தெரியாது. பகுதிகளை, அதாவது கீழே உள்ள எண்களை, சமமாக்க வேண்டும் என்று தெரிந்து, எப்படி என்பதில் மட்டும் சிக்கியவளுக்கு நான் எழுதியிருந்தேன். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் குறிப்பே பாதி தேவையில்லை.

அன்றைக்கு அதை அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: 'அரை தோசையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோம். உன் விடை அரையை விடப் பெரிதா, சிறிதா?' அவள் நோட்டில் ஒரு வட்டம் போட்டு ஐந்தாகப் பிரித்தாள், கோணல்மாணலாகத்தான். இரண்டு துண்டுக்கு நிழல் அடித்துவிட்டு, "ஐயோ, குறைஞ்சு போச்சே!" என்றாள். அதற்குப் பிறகு 'தோசையை ஆறு துண்டாக வெட்டினால் அரைக்கு எத்தனை துண்டு, மூன்றில் ஒரு பங்குக்கு எத்தனை?' என்ற இரண்டாவது குறிப்பு போதுமானதாக இருந்தது. மூன்றும் இரண்டும் ஐந்து, 5/6. மீச்சிறு பொது மடங்கு என்ற பெயரை அதன் பிறகு சொன்னபோது அவள் மிரளவில்லை.

ஹங்கேரியில் பிறந்து ஸ்டான்ஃபோர்டில் கற்பித்த கணிதவியலாளர் ஜார்ஜ் பொல்யா, 1945இல் வந்த தன் புத்தகத்தில் ஆசிரியர் செய்யும் உதவி கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்கிறார். மாணவனுக்குத் தானாகவே தோன்றியிருக்கக்கூடிய கேள்வியைத்தான் நாம் கேட்க வேண்டுமாம். வகுப்பில் முகத்தைப் பார்த்து அளவு தெரிந்துகொள்ளலாம். திரைக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் சொல்கிறேன், குறிப்பு எழுத உட்காரும் முன் நாற்பது பிள்ளைகளின் தவறான விடைகளை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வகைதான் திரும்பத் திரும்ப வரும். அந்த இரண்டு மூன்றுக்கு எழுதுங்கள்.

ஒரு கணக்கின் குறிப்புக்கு வழக்கமாக மூன்று படி வைக்கிறோம், கடைசிப் படியில் விடை. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் அலெவனும் கென்னத் கோடிங்கரும் வடிவியல் கற்பிக்கும் மென்பொருளில் கவனித்தது இது: பிள்ளைகள் நடுப் படிகளைப் படிக்காமல் தட்டிக்கொண்டே போய்க் கடைசிக்கு வந்துவிடுகிறார்கள். சோம்பேறித்தனம் என்று உடனே திட்டிவிட வேண்டாம். முதல் குறிப்பில் பாடப் புத்தகத்தின் விதியை அப்படியே ஒட்டிவைத்தால் நானும் தட்டித்தான் போவேன். கைபேசியில் இரண்டு வரிக்கு மேல் போனாலும் அதே கதிதான். 'இது மிக எளிது' என்று தொடங்குபவர்களும் இருக்கிறார்கள். எளிதென்றால் பிள்ளை ஏன் குறிப்பைத் திறந்தது?

சரி, உங்கள் கையில் உள்ள தாளைத் திருப்புங்கள். 500 ரூபாய்ச் சட்டையின் விலையை 20 சதவீதம் ஏற்றி, பிறகு 20 சதவீதம் தள்ளுபடி தருகிறார்கள். பிள்ளை 500 என்று எழுதியிருக்கிறது. விடை 480. முதல் குறிப்பை எழுதுங்கள், 600 என்ற எண் அதில் வரக்கூடாது. பத்து நிமிடம் தருகிறேன்.