லேர்னர்ஸ் எழுதப் போகிறவர்களுக்கு

வணக்கம் நேயர்களே. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். லேர்னர்ஸ், அதாவது ஓட்டப் பழகுவதற்கான லைசென்ஸ் தேர்வு, எழுதப் போகும் பிள்ளைகளுக்காகப் பேசச் சொன்னார்கள். நான் அவர்களுக்குச் சொல்லித்தரும் அப்பாக்களையும் மாமாக்களையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

நாலு பக்கமும் ஸ்டாப் போர்டு உள்ள சந்திப்பை எடுத்துக்கொள்ளுங்கள். யார் முதலில் போகலாம்? "வலது பக்கம் நிற்பவன்" என்பார் மாமா, அடித்துச் சொல்வார். ஆனால் முதலில் வந்து நின்றவர்தான் முதலில் போக வேண்டும். வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிடுவது டிராஃபிக் சர்க்கிளில், அதாவது ரவுண்டானாவில். மாமா இரண்டையும் குழப்பிக்கொண்டு இத்தனை காலம் ஓட்டிவிட்டார், எதிரே வந்தவர்கள் பொறுமைசாலிகள். லோட் ஷெடிங் மின்வெட்டில் ரோபாட், அதாவது சிக்னல் விளக்கு, அணைந்துவிட்டாலும் இதே கதைதான்: அந்தச் சந்திப்பை நாலு ஸ்டாப் சந்திப்பாகவே நினைத்து நின்று போக வேண்டும். தேர்வில் நம் தெருவின் பழக்கம் செல்லாது, கே53 என்ற ஓட்டுநர் தேர்வு விதிப் புத்தகத்தில் உள்ளதுதான் செல்லும்.

சரி, தாளுக்கு வருவோம். 17 வயது நிரம்பியவர்கள் சாதாரண காருக்கு எழுதலாம். மொத்தம் 64 கேள்விகள். சாலை விதிகளில் 28, அதில் 22 சரியாக வேண்டும். அடையாளப் பலகைகளிலும் 28, அங்கே 23. கடைசியாக வண்டியின் கட்டுப்பாடுகள், 8 கேள்விக்கு 6. மூன்றிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். ஒன்றில் அள்ளிய மார்க் இன்னொன்றில் விழுந்த பள்ளத்தை நிரப்பாது.

கவிழ்ப்பது பெரும்பாலும் அந்தச் சின்னப் பகுதிதான். கிளட்ச், பிரேக், ஸ்டியரிங் படத்தில் எண் போட்டிருக்கும், எந்த எண் எதற்கு என்று கேட்பார்கள். "இதெல்லாம் தெரியாதா?" என்று புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பாமலே போகிறார்கள். மூன்று தப்பினால் போதும், கதை முடிந்தது. முந்தின நாள் மாலை நிறுத்தியிருக்கும் காரில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் தொட்டுப் பெயர் சொல்லிப் பாருங்கள்.

பலகைகளை ஒவ்வொன்றாக உருப்போடாதீர்கள், வடிவத்தையும் நிறத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். சிவப்பு விளிம்புள்ள முக்கோணம் எச்சரிக்கை. சிவப்பு விளிம்புள்ள வட்டம் "கூடாது". நீல வட்டம் "செய்". மஞ்சள் பின்னணி என்றால் ரோட்டு வேலை போன்ற தற்காலிக ஏற்பாடு. இவ்வளவு தெரிந்தால், பார்க்காத பலகை வந்தாலும் பாதி விடை கையில் இருக்கும்.

எண்களை மட்டும் மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். வேக வரம்பு ஊருக்குள் மணிக்கு 60 கிலோமீட்டர், வெளியே 100, ஃப்ரீவேயில் 120. தீயணைப்புக் குழாயிலிருந்து 1.5 மீட்டருக்குள் வண்டி நிறுத்தக் கூடாது.

கண் பரிசோதனையும் உண்டு, கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் கொண்டுபோங்கள். தேறியபின் லேர்னர்ஸ் 24 மாதம் செல்லும். ஆனால் தனியாக ஓட்டக் கூடாது, லைசென்ஸ் உள்ளவர் கூட இருக்க வேண்டும். அப்பாவை உட்கார வைக்குமுன், அவர் கார்டின் தேதி முடிந்துவிட்டதா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். அவருக்குத் தெரியாமல் பார்த்தால் இன்னும் நல்லது.