2 மடங்கா, 3 மடங்கா? திரைமேல் பொருத்தும் வியூஃபைண்டர் பற்றி ஒரு நேயருக்கு விளக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஐயா, கேனன் 600டி கேமராவில் கோயில் திருவிழாக்களைக் காணொளியாக எடுக்கிறேன். பகல் வெயிலில் பின்திரையில் ஒன்றுமே தெரிவதில்லை. 100 வெள்ளிக்குள் (ரிங்கிட்) ஒரு வியூஃபைண்டர் வாங்க நினைக்கிறேன். 2 மடங்கு பெரிதாக்குவதை வாங்கலாமா, 3 மடங்கா?”

தம்பி, கேள்வியின் அந்தக் கடைசிப் பகுதிதான் நான்கு நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. விற்பவர்கள் பெட்டியின்மேல் பெரிதாக அச்சடிப்பது அந்த எண்ணைத்தான்; நாமும் அதையே பார்த்து வாங்கிவிடுகிறோம்.

புதிய நேயர்களுக்காக ஒரு வார்த்தை. காணொளிக்கு மாறியதும், உங்களுடையதுபோன்ற டிஎஸ்எல்ஆர் வகைக் கேமராவில், லென்ஸின் படத்தைக் கண்துளைக்குத் திருப்பும் உள்கண்ணாடி மேலே எழுந்து நின்றுவிடுவதால், நாம் வழக்கமாகக் கண் வைக்கும் துளை இருண்டுவிடும். அதன்பின் பின்திரைதான் கதி. வியூஃபைண்டர் என்று தம்பி கேட்கும் இந்தக் கருவியை அந்தத் திரையின்மேல்தான் பொருத்த வேண்டும். ஒரு கறுப்புக் குழாய், முனையில் உருப்பெருக்கிக் கண்ணாடி, கண்ணை ஒட்டி வைக்க ரப்பர் வளையம், அவ்வளவுதான். 2008-இல் காணொளியும் எடுக்கும் டிஎஸ்எல்ஆர்களாக நிக்கான் டி90-உம் கேனன் 5டி மார்க் 2-உம் வந்த பிறகுதான் நம் கல்யாண வீடியோக்காரர்களுக்கு இப்படி ஒன்று தேவைப்பட்டது.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். உங்கள் கேமராவின் 3 அங்குலத் திரையில் ஏறக்குறைய 10 லட்சத்து 40 ஆயிரம் புள்ளிகள் உள்ளன. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு படப்புள்ளி என்பதால், அது உண்மையில் அகலத்தில் 720, உயரத்தில் 480. கேமரா பதிவு செய்வதோ அகலத்தில் 1,920. திரையில் இல்லாத நுணுக்கத்தை 3 மடங்கு பெரிதாக்கினால், கொசுவலை வழியாகப் பார்ப்பதுபோல் புள்ளிகள்தான் பெரிதாகத் தெரியும். குவியம் (ஃபோகஸ்) சரிதானா என்று பார்க்க, பதிவைத் தொடங்கும் முன் கேமராவிலேயே உள்ள 5 மடங்கு, 10 மடங்குப் பொத்தானை அழுத்துங்கள். அது கேமராவின் உண்மையான படத்தைப் பெரிதாக்கிக் காட்டும். குழாயின் வேலை வெயிலை மறைப்பதும், கேமராவை முகத்தோடு சேர்த்து நிறுத்துவதும்தான். இரண்டு கை, ஒரு முகம் என்று மூன்று பிடிமானம் வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வது பழைய நேயர்களுக்கு அலுத்தே போயிருக்கும். அதற்கு 2 மடங்கே தாராளம்.

வாங்கும்போது அடிக்கோலை எடுத்துச் செல்லுங்கள். உங்கள் திரை 3:2 விகிதம். அகலம் சுமார் 63 மில்லிமீட்டர், உயரம் 42. பழைய 4:3 திரைக்கான குழாய் 61 மில்லிமீட்டர் அகலத்தையே காட்டும் என்பதால் படத்தின் ஓரம் வெட்டுப்படும். கண்ணாடி அணிபவரானால், டயாப்டர் என்னும் பார்வைத் திருத்தம் உள்ளதாகவே வாங்குங்கள்.

பொருத்தும் விதத்தில்தான் நான் ஏமாந்தேன். என் முதல் குழாய் 90 வெள்ளி. இரட்டைப்பக்க ஒட்டுநாடாவால் திரையைச் சுற்றி ஓர் இரும்புச் சட்டத்தை ஒட்டி, அதில் காந்தத்தால் பிடிக்கும் வகை. ஒரு தீமிதியில், நண்பகலில், நெருப்புக் குழியின் ஓரத்தில் நின்றபோது பசை இளகிச் சட்டம் மெல்ல நழுவ, பூசாரி இறங்கும் அந்த நொடியில் குழாய் என் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. உங்கள் கேமராவில் வேறொரு சிக்கலும் உண்டு: திரை கீலில் திரும்பும் வகை என்பதால், திரையை வெளியே திருப்பி வைத்துக்கொண்டு கண்ணை அழுத்தினால் பாரம் முழுவதும் அந்தச் சின்னக் கீலில் இறங்கும். திரையை உடலோடு மடித்துவிட்டு, முக்காலித் திருகுத் துளையில் தகடு மாட்டும் வகையை வாங்குங்கள். பேட்டரி மாற்றும்போது தகட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இன்னொன்று இருக்கிறது: குழாய்க்குள் தெரியும் வெளிச்சத்தை நம்பலாமா? நம்பக்கூடாது. இருட்டுக்குள் கண்மணி விரிந்துவிடுவதால் திரை அளவுக்கு மீறிப் பிரகாசமாகத் தோன்றும். நாம் வெளிச்சத்தைக் குறைத்துவிடுவோம். வீட்டில் கணினியில் பார்த்தால் சாமி முகம் கறுத்துக் கிடக்கும். தொடங்கும் முன் அதே அமைப்பில் ஒரு நிழற்படம் எடுத்து அதன் ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தை, பாருங்கள்.

வேலை முடிந்ததும் குழாயின் கண்பகுதியை வானம் பார்க்க வைத்துவிடாதீர்கள். சிறுவயதில் பூதக்கண்ணாடியால் காய்ந்த இலையைப் பொசுக்கியிருப்பீர்களே, அதே வேலையைச் சூரியன் உங்கள் திரையில் செய்துவிடும். மூடி இல்லாவிட்டால் ஒரு காலுறையையாவது மாட்டி வையுங்கள்.