ஒன்பதரை மணிக்குத் திரை கறுத்தால்

நண்பர்களே, வணக்கம்.

பிக் பாஸில் யார் வெளியேறப் போகிறார் என்று வீடே காத்திருக்கும் நேரம். திரை கறுக்கிறது. அடுத்த நிமிடமே தெருவில் இரண்டு பேச்சு. "கேபிள்காரன் கழற்றிவிட்டான்" என்பது ஒன்று. "ஆளுங்கட்சி இருட்டடிப்பு" என்பது இன்னொன்று.

இரண்டாவது சந்தேகத்தை எளிதில் சிரித்து ஒதுக்க முடியாது. 1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி வந்தது. சேனலை நடத்தியவர்களிடமே சுமங்கலி கேபிள் விஷன் வழியாக வயரும் இருந்தது. 2006 ஜனவரியில் அ.தி.மு.க. அரசு, கேபிள் நிறுவனங்களைக் கையகப்படுத்தப் பேரவையில் மசோதா கொண்டுவந்தது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்கவில்லை. சில மாதங்களில் தி.மு.க. இலவச கலர் டிவி வாக்குறுதியோடு ஆட்சிக்கு வந்தது. 2007-இல் கருணாநிதி குடும்பத்துக்கும் சன் டிவியை நடத்திய மாறன் சகோதரர்களுக்கும் பிணக்கு. அந்த ஆண்டே அரசு கேபிள் நிறுவனம் பிறந்தது. 2008 இறுதியில் குடும்பம் சேர்ந்தது, நிறுவனம் படுத்துவிட்டது. 2011-இல் ஜெயலலிதா அதை எழுப்பி, மாதம் 70 ரூபாய் என்றார். ஆனால் தொடக்கத்தில் அதில் சன் டிவி கிடையாது! பிடிக்காத செய்தி சேனலை அரசு கேபிளில் தூக்கிவிட்டார்கள், கண்ணில் படாத எண்ணுக்குத் தள்ளிவிட்டார்கள் என்ற புகார் இரு கழக ஆட்சிகளிலும் எழுந்ததுதான்.

ஆகவே சந்தேகப்படுங்கள், தப்பில்லை. ஆனால் கையில் ரிமோட் இருக்கும்போது சோதித்துவிட்டுச் சந்தேகப்படலாமே. நம் வீட்டு இருட்டடிப்புகளில் பெரும்பாலானவை மொட்டை மாடியில்தான் நடக்கின்றன.

முதலில் முன்னும் பின்னும் சேனல் மாற்றிப் பாருங்கள். ஒரு பக்திச் சேனல், ஒரு கார்ட்டூன், இரண்டு செய்தி, உங்கள் சீரியல் சேனல் என்று பத்துப் பதினைந்து ஒன்றாகப் போயிருந்தால் அது வயர்க் குறை. கண்ட்ரோல் ரூமில் பல சேனல்களை ஒரே அலைவரிசையில் மூட்டை கட்டித்தான் அனுப்புகிறார்கள். அந்த அலைவரிசை பலவீனமானால் மூட்டை முழுக்க விழும். செய்தியை மறைக்க நினைக்கும் அரசியல்வாதி சுட்டி டிவியையுமா சேர்த்து மறைப்பார்?

எல்லாமே போய், "சிக்னல் இல்லை" என்று வந்தால் பக்கத்து வீட்டைக் கேளுங்கள். அவர்களுக்கும் இல்லையென்றால், தெருவில் சிக்னலைப் பெருக்கி அனுப்பும் ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் போயிருக்கலாம். அது பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டிலிருந்து கரண்ட் எடுக்கும். அந்த வீட்டு ஃபேஸ் போனால், உங்கள் வீட்டில் மின்விசிறி சுற்றும், டிவி மட்டும் கறுக்கும். பொதுக்கூட்டத்துக்கு முந்தின நாள் கொடிக்கம்பம் நடக் குழி தோண்டும்போது ஃபைபர் அறுபடுவதும் உண்டு. அப்போது அரசியல்தான் காரணம், ஆனால் கடப்பாரை வழியாக.

பக்கத்து வீட்டில் தெரிகிறது, உங்களுக்கு மட்டும் இல்லை என்றால் கனெக்டரைப் பாருங்கள். செட்டாப் பாக்ஸை அணைத்து, வயரைத் திருகிக் கழற்றுங்கள். நடுவில் செம்பு நிறக் கம்பி கனெக்டரின் விளிம்புக்கு வெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டி நிற்க வேண்டும். குட்டையாக இருந்தால் பாக்ஸைத் தொடாது. சுற்றிலும் இருக்கும் வலைக்கம்பியில் தலைமுடி போன்ற ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலே போதும், சிக்னல் செத்துவிடும். கம்பி பச்சை பூத்திருந்தால் மழைநீர் இறங்கியிருக்கிறது. அந்த நுனியை வெட்டிப் புதுக் கனெக்டர் போடச் சொல்லுங்கள். வயர் ஜன்னலுக்குள் நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேற்றினால், நீர் அங்கேயே சொட்டிப் போகும், உள்ளே வராது. ஓர் இணைப்பை இரண்டு டிவிக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் பாதிக்கும் குறைவான சிக்னல்தான் போகும். ஸ்ப்ளிட்டருக்கு மேல் ஸ்ப்ளிட்டர் போட்ட வீடுகளில் படம் கட்டம் கட்டமாக உடைவது இதனால்தான்.

ஒரே ஒரு சேனல் மட்டும் போய், "சந்தா இல்லை" என்று எழுத்து வந்தால் அது கணக்கு விவகாரம். 2019 பிப்ரவரியில் புதிய கட்டண முறை வந்தபோது அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசாக இருந்தது. கட்டணச் சேனல்களுக்குத் தனி. பேக் மாறும்போது ஒன்றிரண்டு சேனல் உதிர்வது வழக்கம்.

அந்த ஒரே சேனல் ஊர் முழுக்க இல்லையென்றால் மட்டுமே அரசியலை எடுங்கள். அப்போதும் பணத் தகராறா என்று பார்த்துவிட வேண்டும். 2023 பிப்ரவரியில் புதிய விலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத கேபிள் நிறுவனங்களுக்குப் பெரிய சேனல் குழுமங்கள் சிக்னலை நிறுத்தின. அதில் நம் ஊர்க் கட்சிகளுக்குப் பங்கில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி இப்படி நிறுத்த 21 நாள் எழுத்து நோட்டீஸ் தர வேண்டும்; 15 நாள் முன்னதாகத் திரையில் ஓடும் எழுத்தாகப் பார்ப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். சேனலின் எண்ணையும் ஓராண்டுக்குள் மாற்றக் கூடாது. எழுத்தும் ஓடவில்லை, ஒரு பேட்டி ஒளிபரப்பான மறுநாளே சேனல் காணவில்லை என்றால் உங்கள் சந்தேகத்துக்கு வலு உண்டு.

புகார் கொடுக்கும்போது "டிவி வரலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். பாக்ஸின் அடியில் உள்ள எண், சேனல் எண், திரையில் வந்த எழுத்து, நின்ற நேரம், பக்கத்து வீட்டில் தெரிகிறதா என்பது, இந்த ஐந்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள். புகார் எண்ணைக் கேட்டு அதே சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.