நடமாட விடும் நிமோனியா

நேயர்களுக்கு வணக்கம்.

போன மழைக்காலத்தில், பல்லடம் பக்கம் நூற்பாலையில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். 11 நாளாக இருமல். ஆனாலும் ஒரு ஷிப்டு விடவில்லை. “சளியே வரலீங்க டாக்டர், இருமி இருமி விலாதான் நோவுதுங்க” என்றார். மெடிக்கலில் அமாக்ஸிசிலின் வாங்கி 5 நாள் சாப்பிட்டிருக்கிறார். கொஞ்சமும் கேட்கவில்லை.

ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் நெஞ்சில் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. எக்ஸ்ரேயிலோ, வலது நுரையீரலின் அடியில் பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல வெள்ளைத் திட்டுகள். காதுக்குக் கிடைத்ததைவிடப் படத்தில் அதிகம் தெரிந்தால் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிடும். “அம்மிணி, உங்களுக்கு முன்னால வீட்ல யாரு இருமினாங்க?” என்று கேட்டேன். “சின்னவ இருமினாளுங்க. எனக்கு ஆரம்பிக்கறதுக்கு மூணு வாரம் முந்திங்க. அவ வகுப்புலயும் நாலஞ்சு பிள்ளைங்களுக்கு இருந்துச்சாமுங்க.”

அந்த மூன்று வாரம்தான் துப்பு. மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றி நோயாக வெளிப்பட இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். ஃப்ளூ என்றால் இரண்டு மூன்று நாளில் வீடே படுத்துவிடும். இது ஒவ்வொருவராக, சாவகாசமாகத் தொடும். தொண்டை வலி, தலைவலி, லேசான காய்ச்சல் என்று தொடங்கி, அப்புறம் வறட்டு இருமலில் நிற்கும். பள்ளிப் பிள்ளைகளும் இளவயதினரும்தான் அதிகம் மாட்டுவார்கள். ஆளைப் படுக்கப் போடாமல் நடமாட விடுவதால், பலர் இதை நிமோனியா என்றே நினைப்பதில்லை.

வழக்கமான நிமோனியா அப்படியில்லை. காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் குளிர் நடுக்கம், கடும் காய்ச்சல், மூச்சு இழுத்தால் குத்தல், துருநிறச் சளி என்று வந்து நிற்பார். அதற்கு அமாக்ஸிசிலின் கேட்கும். அந்த மருந்து கிருமியின் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுத்துக் கொல்வது. மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது. அந்த அம்மா விழுங்கிய மாத்திரைக்கு அங்கே வேலையே இல்லை. இதற்கு அசித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின் போன்ற வேறு வகை வேண்டும்.

நான் படிக்கும்போது எங்கள் பேராசிரியர் ஒன்று காட்டினார். நோயாளியின் ரத்தத்தை, உறையாமல் தடுக்கும் மருந்து கலந்த சிறு குழாயில் எடுத்து, ஐஸ் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துச் சாய்த்தார். கண்ணாடியில் ரவை ஒட்டியதுபோலக் குருணை குருணையாக ரத்தம். பிறகு குழாயை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றினார். குருணை கரைந்து மறுபடி வழவழவென்று ஓடியது. குளிரில் சிவப்பணுக்களை ஒட்டவைக்கும் எதிர்ப்புப் பொருள் இந்த நோயில் பலருக்கு உண்டாகிறது. வேறு நோய்களிலும் வரும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. இப்போது தொண்டைச் சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை பார்க்கிறோம்.

நிமோனியா தரும் கிருமிகளில் லீஜியோனெல்லா என்றும் ஒன்று உண்டு. 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர்கள் கூடிய ஓட்டலில் பரவி, பலரைக் கொன்ற கிருமி. பெரிய ஏசிகளின் கூலிங் டவர் போன்றவற்றின் நீர்த்திவலைகளில் வரும். கடும் காய்ச்சலோடு பேதியும் மனக்குழப்பமும் சேரும். வீட்டில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வரிசையாகத் தொற்றாது. கிளி, புறா வளர்ப்பவர்கள் நிமோனியாவோடு வந்தால் பறவையைப் பற்றியும் கேட்பேன். மில்காரர்களுக்குப் பஞ்சுத் தூசியாலும் இருமல் உண்டு. ஆனால் அது வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சை இறுக்கும், காய்ச்சல் இருக்காது.

காசநோயைத்தான் நான் ஒருபோதும் மறப்பதில்லை. பெருந்துறை காசநோய் சானடோரியத்தின் பெயரைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வேர்வை, எடை குறைவது, சளியில் ரத்தம், இதில் ஒன்று இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான். நிமோனியாவுக்கும் கொடுக்கும் லிவோஃப்ளாக்சசின் மாத்திரையைத் தயவுசெய்து நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். காசநோய்க் கிருமியையும் அது கொஞ்ச நாள் அடக்கிவைக்கும். குணமானதுபோலத் தோன்றும், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். அதனால் அந்த அம்மாவையும் விடியலில் எழுந்ததும் ஆழமாக இருமிச் சளி கொண்டுவரச் சொன்னேன். அதில் காசநோய் இல்லை. பிசிஆரில் மைக்கோபிளாஸ்மா என்று வந்தது.

மூச்சு வாங்கினாலோ, உதடு நீலமானாலோ, பேச்சு குழறினாலோ எந்த வகை என்று யோசித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அசித்ரோமைசின் தொடங்கி மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல் விட்டது. இருமல் போக இன்னும் மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் மாமியார் இரும ஆரம்பித்துவிட்டார். அவரைக் கூட்டி வரும்போது, தினக் காலண்டர் தாள் ஒன்றை மருமகள் மேசைமேல் வைத்தார். சின்னவளுக்கு என்று, தனக்கு என்று, அத்தைக்கு என்று தொடங்கியது என்பதெல்லாம் பின்பக்கத்தில் தேதிவாரியாக எழுதியிருந்தது.