உறங்கும் நாயகனின் அறிமுகம்

நேயர்களுக்கு வணக்கம். நாயகன் யார், என்ன தொழில் செய்கிறான், அவனுக்கு என்ன நேர்ந்தது என்பதையெல்லாம் இன்னொரு பாத்திரத்தின் வாயால் சொல்லவைப்பது திரைக்கதையில் பழகிப்போன வழி. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1954ஆம் ஆண்டில் இயக்கிய 'ரியர் விண்டோ' அந்தப் பொறுப்பைத் தொடக்கத்தில் கேமராவிடமே ஒப்படைக்கிறது.

பெயர்கள் திரையில் ஓடும்போதே சன்னல் திரைகள் ஒவ்வொன்றாக மேலெழ, குடியிருப்புகள் சூழ்ந்த ஒரு முற்றம் தெரிகிறது. அதைச் சுற்றிவரும் கேமரா, சன்னலுக்கு முதுகைக் காட்டி உறங்கும் நாயகனின், புகைப்படக்காரனாக நடிக்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின், வியர்த்த முகத்துக்கு வந்து சேர்கிறது. வெப்பமானி 90 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டி நிற்கிறது. படம் நெடுக அடுத்த வீடுகளை வேவு பார்க்கப்போகிறவன் கண்மூடிக் கிடக்க, அவனுக்கு முன்பே நாம் அந்த வேலையைத் தொடங்கிவிடுகிறோம். இது எனக்குச் சற்றுக் குறும்பாகவே படுகிறது.

மறுபடி வெளியே போய் அண்டை வீட்டாரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் கேமரா, இம்முறை அவன் காலில் உள்ள மாவுக்கட்டைக் காட்டுகிறது. எல். பி. ஜெஃப்ரிஸின் முறிந்த எலும்புகள் இங்கே கிடக்கின்றன என்று அதன்மீது கல்லறை வாசகம்போல எழுதியிருப்பதால், பெயரோடு கேலியும் சேர்ந்தே அறிமுகமாகிறது. அடுத்து ஒரு நொறுங்கிய கேமரா. அதற்கும் அடுத்து, பந்தயக் கார் விபத்தில் கழன்ற சக்கரம் பார்ப்பவரை நோக்கிப் பறந்துவரும் புகைப்படம். விளைவு முதலிலும் காரணம் கடைசியிலுமாக அமைந்த இந்த வரிசைதான் காட்சியின் உயிர். விபத்துப் படத்தை முதலில் காட்டியிருந்தால் நமக்கு ஒரு செய்தி கிடைத்திருக்கும், அவ்வளவே. மாறாக, கண்ணில் பட்ட துண்டுகளைக் கோத்து நடந்ததை ஊகிக்கும் வேலை நம்மிடம் வந்து சேர்கிறது. எதிர்வீட்டில் நடந்ததை ஜெஃப்ரிஸ் பின்னர் ஊகிப்பதும் இதே முறையில்தான்.

வேறு சில படங்களைக் கடந்தபின், சட்டமிட்ட ஒரு பெண் முகத்தின் நெகட்டிவும் (வெளிச்சமும் இருளும் இடம்மாறித் தெரியும் படச்சுருள் பிம்பம்), அருகில் அடுக்கிவைத்த பத்திரிகை இதழ்களின் அட்டையில் அவளுடைய முகமும் வருகின்றன. ஒருவன் நெகட்டிவைச் சட்டமிட்டு வைப்பானேன் என்ற ஐயம் நமக்குள் தங்கிவிடுகிறது.

பின்வரும் தொலைபேசி உரையாடல் விபத்தை மீண்டும் விளக்குகிறது. அந்தப் பகுதியை வெட்டியிருந்தாலும் எதுவும் குறைந்திருக்காது. ஆனால் இந்தச் சலிப்பிலிருந்து தன்னை மீட்காவிட்டால் விபரீதமாக ஏதாவது செய்துவிடுவேன், கல்யாணம் செய்துகொள்வேன் என்று அவன் பத்திரிகை ஆசிரியரை மிரட்டுமிடத்தில், மணவாழ்வை அவன் எதிர்மறையாகவே பார்க்கிறான் என்பது தெரிந்து, நெகட்டிவ் எழுப்பிய ஐயத்துக்கு விடை கிடைக்கிறது. அதைச் சொல்ல வசனம் தேவைப்பட்டது.